டியூப் மேல் வரைந்த வளையம்

சாக்பீஸ் எங்கே, சாக்பீஸ் எங்கே என்று கத்திக்கொண்டேதான் அன்றைக்குக் கடைக்குள் நுழைந்தேன்.

போர்ட் பிளேரில், ஜங்லிகாட் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இருக்கிறது என் வீட்டுக்காரர் முருகேசனின் பங்ச்சர் கடை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு ஸ்கூட்டர் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், நான் வந்த வேகத்தைப் பார்த்து டியூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

"என்னாச்சு புள்ள? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லங்க. ரிசல்ட் வந்துருச்சு!"

ஓட்டைக்கு அடையாளம் போட அவர் வைத்திருக்கும் சாக்பீஸைப் பிடுங்கினேன். தரையில் ஒரு பழைய லாரி டியூப் கறுப்பாய்ப் பரந்து கிடந்தது. அதன் மேல் ஆறு மூலை வரைந்தேன். அதன் பக்கத்துச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஐந்து மூலை. ஐந்து மூலையில் ஒன்றில் நைட்ரஜனுக்கு N, இன்னொன்றில் கந்தகத்துக்கு S. வளையத்துக்கு வெளியே வாசலில் நிற்கிற மாதிரி இன்னொரு S.

"இதாங்க நம்ம கடல்பஞ்சுக்குள்ள இருந்தது."

அவர் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். "தேன்கூட்டப் பிச்சு வச்ச மாதிரி இருக்கு. இதுக்கா இந்த ஓட்டம்?"

"கடல்ல இது கெடைக்கிறது அபூர்வம்ங்க! நம்ம தீவுல யாரும் பாத்ததே இல்ல!"

அவ்வளவுதான். மனுஷன் சந்துக்குப் போய் நின்று, எதிர்ப்பக்கம் வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டார். "அரே பாய், இதர் ஆவ்! நம்ம பீவி சமுந்தர்ல ஒண்ணு புடிச்சிருக்கு, வந்து பாருங்க!" பெண்டாட்டி கடலில் ஒன்று பிடித்திருக்கிறாள் என்று ஹிந்தி கலந்த தமிழில் ஒரு கூப்பாடு. அரைமணி நேரத்தில் தெருவே வந்து டியூபைப் பார்த்துவிட்டுப் போனது. ஒரு தெலுங்குக்கார அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் தாங்கவில்லை, பெருமையும் தாங்கவில்லை.

அந்தப் பெருமை சரியாகப் பத்து நாள் இருந்தது.

மூன்றே கேள்வி

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடலோரம் இருக்கும் ஓர் ஆய்வகத்தில் நான் ஒப்பந்த ஊழியர். எங்கள் தலைவர் மஜும்தார் மேடம் கடல் உயிரினங்களைப் படித்தவர். ஒரு கடல்பஞ்சைக் கையில் கொடுத்தால் அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். வேதியியல் என்று வந்தால் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறதாக இருந்தது.

கடல்பஞ்சு என்பது பாறையில் ஒட்டிக்கொண்டே வாழ்கிற பிராணி. பாவம், அதனால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. ஆகவே எதிரியை விரட்ட உடம்புக்குள்ளேயே ஏதாவது மருந்து காய்ச்சி வைத்துக்கொள்ளும். அதை மெத்தனாலில் ஊறவைத்து, என்ன இறங்குகிறது என்று தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

வடக்கே ரங்கத் ஊருக்குப் பக்கத்தில் முறையாக அனுமதி வாங்கி ஒரு பாறையிலிருந்து எடுத்த ஆரஞ்சு நிறப் பஞ்சு அது. அதன் சாற்றை ஒரு சொட்டு விட்டால் தட்டில் வளர்ந்த பூஞ்சை அந்த இடத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. மேடம் அதைப் பார்த்துக் கைதட்டினார். சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, பெரிய கருவிகள் இருக்கும் மெயின்லேண்ட் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். காத்திருந்து காத்திருந்து கண் பூத்த பிறகு முடிவு வந்தது.

முடிவு என்றால் பெயர் போட்டு வராது. எண்களும் கோடுகளும்தான் வரும். மூலக்கூறின் எடை 167. ஒற்றைப்படை, ஆகவே உள்ளே நைட்ரஜன் இருக்க வாய்ப்பு அதிகம். பெரிய கோட்டுக்கு இரண்டு எண் தள்ளி ஒரு குட்டிக் கோடு, அது கந்தகத்தின் கால்தடம். அதன் உயரத்தைப் பார்த்தால் கந்தகம் ஒன்றல்ல, இரண்டு. பென்சீன் வளையத்தில் நான்கே நான்கு ஹைட்ரஜன், அதாவது இரண்டு மூலைகள் வேறு எதனோடோ கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்து மூலைகள்.

வளையச் சேர்மத்தை வகைப்படுத்த மூன்று கேள்வி கேட்டால் போதும். வளையத்தில் மொத்தம் எத்தனை பேர்? கார்பனைத் தவிர வெளியாள் யாராவது உண்டா? வளையம் தனிக்குடித்தனமா, இன்னொரு வளையத்தோடு கூட்டுக்குடித்தனமா? கார்பன்கள் மட்டுமே கைகோத்து நின்றால் ஓரின வளையம். நடுவே ஒரு நைட்ரஜனோ கந்தகமோ ஆக்சிஜனோ புகுந்து கைகோத்தால் பல்லின வளையம். நாங்கள் குடியிருக்கும் டாலிகஞ்சில், எங்கள் லைன் வீடுகளில் வங்காளி, தெலுங்கு, மலையாளி, நாங்கள் என்று வரிசையாக இருப்பதைப் போலத்தான்.

என் பொருளுக்குப் பதில் வந்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட வளையம். வெளியாட்கள் இரண்டு பேர், நைட்ரஜனும் கந்தகமும். பென்சீனோடு கூட்டுக்குடித்தனம். குடும்பப் பெயர் பென்சோதயசோல்.

புத்தகத்தைத் திறந்தேன். இந்தக் குடும்பத்து வளையம் மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் பொருளிலும் உண்டு என்று எழுதியிருந்தது. மின்மினி! அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. புத்தகத்தை மூடினேன், ஆட்டோ பிடித்தேன், ஜங்லிகாட்டில் இறங்கி ஓடினேன்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா என்னைச் சும்மாவா சொன்னாள்?

'மெயின்லேண்ட்ல எங்க?'

இந்த இடத்தில் ஒரு பழைய கோபத்தைச் சொல்லியாக வேண்டும்.

தீவில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு அடுத்து வருகிற கேள்வி, "மெயின்லேண்ட்ல எங்க?" என்பதுதான். மதுரை என்றால் ஒரு சிரிப்பு, ராமநாதபுரம் என்றால் ஒரு தலையாட்டல், விசாகப்பட்டினம் என்றால் வேறொன்று. ஊர் தெரிந்தால் ஆளை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரிந்துவிடும்.

என் அப்பா அம்மா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். அங்கிருந்து கப்பலேறி நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு ரப்பர்த் தோட்டம் போட வந்தார்கள். நான் பிறந்தது அங்கே. சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேர் வந்தோம். மெயின்லேண்டில் எங்களுக்கு எந்த ஊரும் கிடையாது. கல்லூரியில் ஒருத்தி கேட்டபோது, "ஊரே இல்ல போடி!" என்று நான் கத்திய கத்தலில் அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஆனால் பாருங்கள், மூலக்கூறைப் பார்த்தால் நானே முதலில் அதைத்தான் கேட்கிறேன். நீ எந்த வளையம், யார் வீட்டுப் பிள்ளை, உன் சொந்தக்காரர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள்? என்னிடம் யாராவது கேட்டால் சுள்ளென்று வருகிற அதே கேள்வி!

இன்னொன்று. ரப்பர் பாலை உறையவைக்க அப்பா ஊற்றிய ஆசிட் ஃபார்மிக் ஆசிட். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே சங்கதிதான். என் மூக்கில் முதலில் ஏறிய வேதியியல் அதுதான். அந்த மூக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சீக்கிரம் முழித்திருக்கலாம்.

கப்பல் வராத மாதம்

ரங்கத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் பாட்டில் மூடிகள் தீர்ந்துபோயின. மூடி என்றால் மூடிக்குள் வைக்கிற வெள்ளை வட்டு. எதிலும் கரையாத ஜாதி அது. புதுப் பெட்டி மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. கடல் சரியில்லை என்று கப்பல் அங்கேயே நின்றுவிட்டது.

தீவுக்காரர்களுக்கு இது புதிதா என்ன? கப்பல் வரவில்லை என்றால் கையில் இருப்பதை வைத்துக் காரியத்தை ஓட்டுவோம். பம்பின் வாஷரா, டிபன் டப்பாவின் மூடியா, ஊறுகாய் ஜாடியா, எது ஒழுகினாலும் பழைய டியூபை வெட்டி வளையம் போடுவோம். இங்கே எந்த வீட்டுச் சமையல்கட்டிலும் அப்படி ஒரு கறுப்பு வளையம் இருக்கும்.

வீட்டில் புலம்பினேன். மறுநாள் காலையில் முருகேசன் ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரே அளவில், பிசிறில்லாமல் வெட்டிய பன்னிரண்டு வட்டுகள்.

"நீ சொன்ன சைஸுக்குப் பக்காவா வெட்டிருக்கேன். ஒரு சொட்டு ஒழுகுனா என் பேர மாத்திக்கிறேன்."

ஒழுகவில்லைதான். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார்.

ரங்கத்திலிருந்து திரும்பும்போது, பஞ்சும் மெத்தனாலும் அடைத்த பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் நிமிர்ந்து நிற்கவில்லை, படுக்கவைத்தேன். கண்ணாடி மூடி போட்ட பழைய பாட்டில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அதை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். படுத்த பாட்டில்களில் அந்த ரோட்டின் குலுக்கலுக்கு மெத்தனால் வழியெல்லாம் ரப்பர் வட்டில் மோதிக்கொண்டே வந்தது. நான் ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

மின்மினிக்கு அடுத்த வரி

மேடம் திங்கட்கிழமை மெயின்லேண்டில் ஒரு கருத்தரங்குக்குப் போவதாக ஏற்பாடு. எங்கள் பொருளை அங்கே அறிவிக்கப் போகிறார். அது மட்டும் நல்லபடியாக நடந்தால் என் ஒப்பந்தம் நீளும், கட்டுரையில் என் பெயர் வரும், ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிவு செய்யலாம். எனக்கு எல்லாமே அந்த ஐந்து மூலையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, "வாணி, இந்தக் குடும்பம் வேற எங்கெல்லாம் இருக்குன்னு ஒரு ஸ்லைட் போடு," என்றார் மேடம். புத்தகத்தை மறுபடி திறந்தேன். மின்மினி. ரொம்ப சந்தோஷம். அதற்கு அடுத்த வரி.

ரப்பரில் கந்தகம் சீக்கிரம் பிடிக்கத் தொழிற்சாலைகளில் சேர்க்கும் பொருள்களில் இந்தக் குடும்பம் முக்கியமானது. பக்கத்திலேயே படம். ஆறு மூலை, ஐந்து மூலை, வாசலில் நிற்கிற S. எடை 167. பூஞ்சையையும் தடுக்கும் என்று கடைசியில் ஒரு குறிப்பு வேறு.

மேஜையில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். மூடிக்குள் கறுப்பாக அந்த வட்டு என்னைப் பார்த்தது.

பொய் சொல்லப் போவதில்லை, முதலில் தோன்றியது புத்தகத்தை மூடிவிடலாம் என்பதுதான். மேடத்துக்கு வேதியியல் தெரியாது. அங்கே யாராவது கேட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குள் ஒப்பந்தம் நீண்டுவிடும். இப்படியெல்லாம் ஒரு கால்மணி நேரம் யோசித்தேன். எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கா இத்தனை வருஷம் படித்தேன்?

பஞ்சில்லாத பாட்டில்

புதுப் பாட்டில் ஒன்றைக் கழுவி வெறும் மெத்தனாலை ஊற்றினேன். பஞ்சு கிடையாது, ஒன்றும் கிடையாது. மீதமிருந்த வட்டு ஒன்றைப் போட்டு மூடி, படுக்கவைத்து ஆட்டுகிற கருவியில் ஏற்றினேன். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் ஒரு வெறும் பாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது பாலபாடம். மெத்தனாலை மட்டும் சோதித்தேனே தவிர, மூடியையும் சேர்த்துச் சோதிக்கவில்லை. டியூப் வளையம் எங்கள் வீட்டில் ஒரு பொருளாகவே கண்ணில் படாது, அதுதான் வினை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆய்வகத்தில் நானும் ஃபேன் சத்தமும். வெள்ளை பூசிய சின்னத் தட்டில் நான்கு சொட்டு வைத்தேன். முதலில் வெறும் பாட்டில். அடுத்து நாங்கள் பிரித்த பொருள். மூன்றாவது, ரப்பர் மூடி போட்ட பஞ்சுச் சாறு. நான்காவது, என் மடியில் வந்த கண்ணாடி மூடிப் பாட்டிலின் சாறு, இத்தனை நாள் ஃப்ரிட்ஜில் மறந்து கிடந்தது. தட்டின் அடியைக் கரைப்பானில் வைத்தால் அது மேலே ஏற ஏற ஒவ்வொரு பொருளும் தன் தன் உயரத்தில் நின்றுவிடும்.

புற ஊதா விளக்கை அதன் மேல் பிடித்தேன்.

முதல் மூன்றிலும் ஒரே உயரத்தில் ஒரே கறுப்புப் பொட்டு. பஞ்சே இல்லாத பாட்டிலில் கொழுகொழுவென்று பொட்டு! கண்ணாடி மூடியில் மட்டும் அது இல்லவே இல்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் வந்தது சந்தோஷம்தான். மாட்டிக்கிட்டியா! கையும் களவுமா மாட்டிக்கிட்டியா! என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் பிழைப்பில் மண் விழுந்துகொண்டிருந்தது, நானோ ஸ்டூலிலிருந்து எழுந்து குதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். மூன்றாவதிலும் நான்காவதிலும், கீழே, அரிசி முனை அளவுக்கு ஒரு நீல வெளிச்சம். முதல் இரண்டில் இல்லை. அதை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். நோட்டில் 'அழுக்கு' என்று எழுதிக் கொட்டியிருக்கிறேன், கை நிறையக் கொட்டியிருக்கிறேன். வெண்ணெயைத் தூக்கித் தூர எறிந்துவிட்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன்.

எந்த ஊர்க்காரன்?

கையில் மீன் பையோடு நேராக மார்க்கெட்டிலிருந்து வந்தார். பையை வாசலில் வைத்துவிட்டுத் தட்டைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஹிந்தியில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

"வாணி, கல் மேரா ஃபிளைட் ஹை." நாளைக்கு விமானம். அதை மட்டும்தான் முதலில் சொன்னார். அப்புறம் முகம் சிவந்தது. "யே டியூப்கா ஐடியா கிஸ்கா தா?"

இந்த டியூப் யோசனை யாருடையது? முருகேசன் அந்தப் பொட்டலத்தை நீட்டிய கை என் கண்ணுக்குள் வந்தது.

"மேரா, மேடம்," என்றேன். என்னுடையது என்று சொன்னதில் பொய்யில்லை. போடச் சம்மதித்தது நான், சோதிக்காமல் விட்டதும் நான்.

பத்து நிமிடம் திட்டினார். பாதி ஹிந்தி, கோபம் ஏற ஏற முழு வங்காளம். வங்காளத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. என் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஆனாலும் விளக்கை மட்டும் நான் அணைக்கவில்லை.

திட்டி முடித்து மூச்சு வாங்கியவர், குனிந்தார். அந்த நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"அவுர் யே? யே கஹான் கா ஹை?"

இது எங்கேயிருந்து வந்தவன்? அதே கேள்வி! வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை.

"பஞ்சோடது மேடம். பக்கா பஞ்சோடதுதான். நான் அழுக்குன்னு எழுதிட்டேன்."

"எந்த வளையம்?"

"தெரியாது மேடம். இப்படி நீலமா மின்னுறதப் பாத்தா கூட்டுக்குடித்தனமா இருக்கலாம். நைட்ரஜன் இருக்கலாம். இதுக்கு மேல சொன்னா மறுபடி பொய்."

அவர் கணினிக்குப் போய் உட்கார்ந்தார். எங்கள் பொருள் இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். பிறகு ஒரு கடிதம் அடித்தார். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆறு மாத நீட்டிப்புக்கு வேண்டுகோள். காரணம் என்ற இடத்தில், முன்பு கழிவென ஒதுக்கப்பட்ட ஒரு பொருளை அடையாளம் காண, என்று இருந்தது.

"கிடைக்குமா மேடம்?"

"மாலூம் நஹீன்," தெரியாது என்றபடி எழுந்தார். "மீன் கெட்டுப்போகும், நான் கிளம்புறேன்."

கிடைத்தது. இதை எழுதுகிற இன்று அந்த ஆறு மாதத்துக்குள்தான் இருக்கிறேன்.

ஆணியில் தொங்கியது

மேடத்தைச் சமாளித்துவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் எனக்குப் பயம்.

அந்த லாரி டியூபை அவர் விற்கவில்லை, தொடவும் இல்லை. சாக்பீஸ் கோடு அழியாமல் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். திங்கட்கிழமை காலை நான் போனபோது, டயர் மாற்ற வந்த ஓர் ஆட்டோக்காரருக்கு அதைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "இது சமுந்தர்குள்ள இருக்கிறது பாய். என் பீவி கண்டுபிடிச்சது."

ஆட்டோ போகும்வரை காத்திருந்தேன்.

"ஏங்க, அது கடலோடது இல்லங்க."

"எது?"

"அந்தப் படம். அது ரப்பர்ல போடுற மருந்து. நம்ம மூடியில இருந்து எறங்கியிருக்கு."

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "நான் வெட்டிக் குடுத்தேனே, அதுலேருந்தா? என்னாலயா உனக்கு..."

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? போட்டவ நான், பாக்காம விட்டவ நான். இப்ப உண்மையானதப் புடிச்சாச்சு, அது வேற கதை."

கீழே வைத்த ஸ்பானரை மறுபடி எடுத்தார். திடீரென்று கேட்டார்.

"ஏ புள்ள, அப்ப நம்ம வீட்டு மாங்கா ஊறுகா?"

"அந்த வளையத்த இன்னைக்கே கழட்டி வீசுங்க!"

"அதான் ஒரு கசப்பு அடிச்சுச்சு. உப்ப நீதான் கூடப் போட்டன்னு நெனச்சேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி, ஆணியில் தொங்கிய டியூபை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று வரைந்த ஆறு மூலையும் ஐந்து மூலையும் அதன் மேலே அப்படியே இருந்தன.

"கடல்ல இல்ல, ரப்பர்ல இருக்கிறதுன்னு தான சொல்ற?"

"ஆமாங்க."

"அப்ப நீ படத்தப் போட்ட எடம் கரெக்ட்டுதான?"

ஊரெல்லாம் கூட்டி, கறுப்பு டியூபின் மேல், அதற்குள் இருப்பதையே வரைந்து காட்டியிருக்கிறேன்! அந்த மூலக்கூறுக்குச் சரியான விலாசத்தை முதல் நாளே எழுதிவிட்டு, பத்து நாள் கடலில் தேடியிருக்கிறேன்.

அவர் டியூபை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே போய், புது டயர் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து ஒரு துண்டைக் கொண்டுவந்தார். சாக்பீஸோடு சேர்த்து என்னிடம் நீட்டினார்.

"அந்த நீலத்துக்கு வளையம் தெரிஞ்சா இதுல போடு," என்றார். "ரப்பர் பக்கமே கொண்டு போகாத."